கொக்கிக்கொடியைக் கடைசியில் போடவும்

வூஹான்
26 பிப்ரவரி 1984

அன்புள்ள சுச்சின் அண்ணிக்கு,

ஜிங்வென் எழுதுகிறேன். நாங்கள் மூவரும் சௌக்கியமாக ஊர் வந்து சேர்ந்தோம். படகில் குளிர் அதிகம். நீங்கள் கட்டிக்கொடுத்த உப்பு வாத்து வழியெல்லாம் உதவியது. அண்ணனின் இடுப்பு வலி குறைந்ததா? உங்கள் கை வெடிப்பு ஆறியதா?

இந்தக் கடிதத்தை வீட்டுக்கு எழுதாமல் உங்கள் துணிச்செருப்புப் பட்டறை விலாசத்துக்கு எழுதுகிறேன். வீட்டுக்கு வரும் கடிதங்களை அப்பாதான் பிரிப்பார்.

ஓய்வுபெற்ற வைத்தியர்களுக்கு மாவட்ட மருத்துவமனையில் செய்யும் பரிசோதனையில் அப்பாவின் ரத்த அழுத்தம் இருநூறைத் தாண்டியிருந்ததாம். புத்தாண்டுக்கு நாங்கள் அங்கே வந்திருந்தபோது அண்ணன் சொன்னார். நான் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை செய்பவள். இந்த எண்ணோடு வருகிறவர்கள் பிறகு எப்படி வருகிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். சிலர் வருவதே இல்லை. கிளம்பும் அன்று காலை அப்பாவிடம் மாத்திரை பற்றிப் பேசினேன். நீங்கள் அடுப்படியில் இருந்தீர்கள். அவர் சொன்னது உங்கள் காதிலும் விழுந்திருக்கும்.

"இந்த ஊருக்கே நாடி பாக்கறவன் நான். என் நாடிய நான் பாத்துக்க மாட்டேனா? பெங் வைத்தியர் வெள்ளை மாத்திரை முழுங்கறாருன்னு தெரிஞ்சா, நாளைக்கு எவன் வந்து இந்த மேஜைல கைய நீட்டுவான்?"

இதற்கு மேல் அவரிடம் பேச எனக்கு வராது. உங்களுக்குத் தெரியும்.

அவர் தனக்கே எழுதிக்கொண்ட கஷாயத்தைத் தினமும் நீங்கள்தான் காய்ச்சிக் கொடுக்கிறீர்கள். இத்துடன் வரும் பார்சலில், பட்டறைக்கென்று வைத்திருக்கும் அட்டைகளுக்கு நடுவே ஒரு பொட்டலம் இருக்கிறது. ரத்த அழுத்த மாத்திரை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நுணுக்கி, வடிகட்டிய பிறகு கிண்ணத்தில் கலந்துவிடுங்கள். அந்தக் கஷாயத்தின் கசப்பில் எதுவும் தெரியாது.

இப்படிக் கேட்பது சரியா என்று பலமுறை யோசித்தேன். வேறு வழி தோன்றவில்லை.

கையில் ஆட்டுக்கொழுப்பு தடவுங்கள். தண்ணீரில் அதிகம் வைக்காதீர்கள்.

ஜிங்வென்

*

லியூகோவ்
11 மார்ச் 1984

ஜிங்வென்னுக்கு அண்ணி எழுதுவது.

எல்லோரும் சுகம். உன் அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டேதான் தானியக் கிடங்குக்குப் போகிறார். மாமா இடுப்பில் மெல்லிய ஊசிகளைக் குத்திவிட்டார். நான்கு நாள் நிமிர்ந்து நடந்தார், ஐந்தாம் நாள் மூட்டை தூக்கினார், மறுபடி குனிந்துவிட்டார். என் கை பரவாயில்லை.

பார்சல் வந்தது. அட்டைகள் நல்ல கனம். பட்டறையில் எல்லோரும் கேட்டார்கள், எங்கிருந்து என்று.

மாமாவின் நாக்கு உனக்குத் தெரியாததில்லை. மூலிகைக் கடைக்காரன் போன வருஷத்துச் செவ்வந்தியைப் புதுசோடு கலந்துவிட்டால் ஒரு வாயிலேயே சொல்லிவிடுவார். நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் சட்டியை அடிப்பிடிக்க விட்டு, தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கப் பார்த்தேன். கிண்ணத்தை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனவர், "இத செடிக்குக் கூட ஊத்தாத, பாவம்" என்று திருப்பிக் கொடுத்தார். நீ நகரத்தில் உட்கார்ந்துகொண்டு சுலபமாக எழுதிவிடுகிறாய்.

முந்தாநாள் மதியம் அவர் மேஜையிலேயே கொஞ்சம் தலையைச் சாய்த்துவிட்டார். எதிரில் கை நீட்டியிருந்த கிழவி அவருக்குத் தூக்கம் என்று நினைத்துக் காத்திருந்தாள். நான் தேநீர் கொண்டுபோனபோது முகம் பன்றி ஈரல் நிறத்தில் இருந்தது. என்ன மாமா என்று கேட்டேன். "காத்து மாறுது" என்றார்.

நேற்றும் இன்றும் மாமா கிண்ணத்தைக் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு சதுரங்கம் ஆடப் போய்விட்டார்.

உன் வீட்டுக்காரருக்கு இருமல் நின்றதா? பேரிக்காயைக் கற்கண்டோடு வேகவைத்துக் கொடு.

சுச்சின்

*

வூஹான்
2 ஏப்ரல் 1984

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். பேரிக்காய் கொடுத்தேன். இருமல் நின்றுவிட்டது. மருந்தகத்தில் இருந்து ஒரு புட்டி மருந்தும் கொண்டுவந்து கொடுத்தேன், ஆனால் அவர் பேரிக்காயைத்தான் புகழ்கிறார்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நன்றி என்று எழுதினால் அது சின்ன வார்த்தையாக இருக்கிறது.

ஒரே ஒரு விஷயம். இந்த மாத்திரையை ஒருநாள் கொடுத்து ஒருநாள் விடக்கூடாது. நீங்கள் பிறந்த வீட்டுக்குப் போவதானால் எப்போது என்று முன்கூட்டியே எழுதுங்கள். தீருவதற்குள் அடுத்த பார்சல் வரும்.

மகளுக்கு ஜூலையில் கல்லூரி நுழைவுத் தேர்வு. சரியாகத் தூங்குவதில்லை. தூக்கத்துக்கு என்ன கொடுக்கலாம் என்று அப்பாவிடம் நீங்களே கேட்பதுபோல் கேட்டு எழுதுங்கள். நான் கேட்டதாகச் சொன்னாலும் சரிதான்.

எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜிங்வென்

*

லியூகோவ்
20 மே 1984

ஜிங்வென்னுக்கு,

சுகம். இங்கே மழை பிடித்துவிட்டது, மருந்துப் பெட்டிகளில் பூஞ்சை ஏறாமல் இருக்கத் தினமும் அடுப்புப் பக்கம் வைத்து எடுக்கிறோம். குழந்தைக்கு இலந்தைக்கொட்டை வறுத்துத் தட்டி மாமா தன் கையாலேயே பொட்டலம் கட்டியிருக்கிறார். படுப்பதற்கு முன்னால் காய்ச்சிக் கொடு. "அவங்க ஆஸ்பத்திரில தூக்கத்துக்கு ஒண்ணும் இல்லையாமா?" என்று மட்டும் கேட்டார். கேட்டுக்கொண்டே கூடக் கொஞ்சம் அள்ளிப் போட்டார்.

மாமாவுக்கு நன்றாக இருக்கிறது. முகச் சிவப்பு போய்விட்டது. தலை சுற்றுவதில்லை. தினமும் காலையில் தன் மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாரே, போன வாரம் அப்படி உட்கார்ந்திருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"நாடி வில்லு நாண் மாதிரி விறைச்சிருந்துச்சு. இப்ப தொய்ஞ்சிருக்கு. அதே மருந்து, அதே அளவு. சட்டில என்ன மாத்தின?"

என் கையில் கரண்டி இருந்தது. பொய் சொல்ல யோசித்து வைத்திருக்கவில்லை. கொக்கிக்கொடியைத்தான் சொன்னேன். தெரியுமே, வளைந்த முள்ளோடு குச்சி குச்சியாக வருமே, அது. அதை மட்டும் கடைசியில் போட வேண்டும், அதிகம் கொதித்தால் வீரியம் போய்விடும் என்று அவர் சீட்டிலேயே எழுதியிருப்பார். நான் பட்டறைக்கு ஓடுகிற அவசரத்தில் எல்லாவற்றையும் சேர்த்தே போட்டுக்கொண்டிருந்தேன். அதனால், "முன்னெல்லாம் மொத்தமாப் போடுவேன் மாமா. இப்பதான் கொடிய மட்டும் கடைசில போடறேன்" என்றேன்.

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். சிரித்தார். "ரெண்டு வருஷமா கொடியக் கொன்னுட்டு இருந்திருக்க. மருந்துல குத்தமில்ல, மருமகள்ல குத்தம்" என்றார். அன்று ஒரு கிண்ணம் சோறு அதிகமாகச் சாப்பிட்டார்.

ஒரே தொந்தரவு, மூக்கடைப்பு. சளி இல்லை, காய்ச்சல் இல்லை, மூக்கு மட்டும் அடைக்கிறது. அதற்காக மக்னோலியா மொட்டையும் சீட்டில் சேர்த்திருக்கிறார். இது என்ன என்று எழுது.

சுச்சின்

*

வூஹான்
3 ஜூன் 1984

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். குழந்தை தூங்குகிறாள். அப்பாவிடம் சொல்லுங்கள்.

மூக்கடைப்பு மாத்திரையால் வருவது. பலருக்கு வரும், பயப்பட ஒன்றுமில்லை. மாலையில் பாதியாகக் குறைத்துவிடுங்கள். மக்னோலியா மொட்டைச் சேர்த்தது சேர்த்ததாகவே இருக்கட்டும். மூக்கு திறந்ததும் மொட்டுதான் திறந்தது என்று நினைத்துக்கொள்வார். அதனால் என்ன கெட்டுவிடப் போகிறது.

நீங்கள் சமாளித்தது நல்லது.

மழைக்காலத்தில் கால் விரல் இடுக்குகளை ஈரமாக விடாதீர்கள்.

ஜிங்வென்

*

லியூகோவ்
29 ஜூலை 1984

ஜிங்வென்னுக்கு,

எல்லோரும் சுகம். குழந்தை தேர்வு எழுதிவிட்டாள் என்று உன் அண்ணன் சொன்னார். முடிவு வந்ததும் எழுது.

இதைப் பட்டறையில் எல்லோரும் போன பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன்.

சோயா அரைத்து டோஃபு கட்டி விற்கும் கடைக்காரர் யான் தாகுவெய் உனக்கு நினைவிருக்கும். மாமாவோடு சதுரங்கம் ஆடுகிறவர், தோற்றால் பலகையைக் கவிழ்ப்பவர். அவருக்கும் ரத்த அழுத்தம். மாவட்ட மருத்துவமனையில் கொடுத்த மாத்திரையை இரண்டு வருஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போன வாரம் மாமா அவர் கையைப் பிடித்து மேஜைக்கு இழுத்து வந்தார். நான் வாசலில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"யான், நீ முழுங்கற சுண்ணாம்பை நிறுத்து. இத குடி. எனக்கு வேலை செஞ்சுது."

"வைத்தியரே, இத குடிச்சா என் வாய் நாத்தத்துல டோஃபு வாங்க எவன் வருவான்?"

"உன் டோஃபு புளிச்ச வாடைக்கே பயப்படாதவன் இதுக்கா பயப்படப் போறான்?"

"சரி, இந்த மொட்டு எதுக்கு? எனக்கு மூக்கு நல்லாத்தானே இருக்கு. உங்க ஆட்டத்துல தில்லுமுல்லு நடந்தா இங்கிருந்தே மோப்பம் பிடிக்கறேன்."

"எனக்கு எது கேட்டுச்சோ அதைத்தான் தரேன். உன் நாடியும் என் பழைய நாடி மாதிரியே நாணா நிக்குது. வீட்டுக்காரிகிட்ட சொல்லு, கொக்கிக்கொடியைக் கடைசில போடணும். முதல்ல போட்டா என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

யான் மாத்திரைப் புட்டியைக் கொண்டுவந்து மாமாவிடமே கொடுத்துவிட்டார். அது மேஜைமேல் இருக்கிறது. மாமா அதில் பல் குத்தும் குச்சிகளைப் போட்டு வைத்திருக்கிறார். அவரைத் தவிர இன்னும் சிலருக்கும் இதே சீட்டை எழுதிக் கொடுத்தார். அவர்கள் முன்னால் மாத்திரை சாப்பிட்டவர்களா என்று எனக்குத் தெரியாது.

ஜிங்வென், யான் குடிக்கிற கிண்ணத்தில் வெறும் கஷாயம்தான் இருக்கிறது.

நீ வந்து மாமாவிடம் சொல்லிவிடு. நீ சொன்னால் அது மருந்தைப் பற்றிய பேச்சு, படித்தவள் படித்தவருக்குச் சொல்வது. நான் சொன்னால் மருமகள் மாமனார் கிண்ணத்தில் எதையோ கலந்த கதையாகிவிடும். உன் அண்ணனிடமும் நான் இதுவரை சொல்லவில்லை. படகில் வந்தால் ஒரு பகல்தான்.

சீக்கிரம் எழுது.

சுச்சின்

*

வூஹான்
9 செப்டம்பர் 1984

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் எழுதத் தாமதம், மன்னியுங்கள். குழந்தைக்கு நான்ஜிங்கில் இடம் கிடைத்திருக்கிறது, விவசாயப் பொறியியல். கொண்டுபோய் விடுவதற்கு அவர் போய் வந்தார். எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. மருந்தகத்தில் வருஷக் கணக்கெடுப்பு. வெயில் இன்னும் குறையவில்லை, மாடியில் பாய் போட்டுப் படுக்கிறோம். அண்ணனின் இடுப்பு எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லை.

நீங்கள் கேட்டதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது சொன்னால் அப்பா தன் மாத்திரையையும் நிறுத்திவிடுவார். அது நிச்சயம். அவர் உடம்பு இப்போதுதான் ஒரு நிலைக்கு வந்திருக்கிறது. அக்டோபர் முதல் தேதி தேசிய தினத்துக்கு வர முடியுமா என்று பார்க்கிறேன். அதற்குள் யானின் மனைவியிடம் நீங்களே ஜாடையாக ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள், கஷாயத்தோடு மாத்திரையையும் விடாமல் கொடுக்கச் சொல்லி. இரண்டும் சேர்ந்தால் தவறில்லை.

அடுத்த ஆறு மாதத்துக்கானதை அனுப்பியிருக்கிறேன்.

வெயிலில் தலையை மூடிக்கொண்டு போங்கள்.

ஜிங்வென்

*

லியூகோவ்
23 செப்டம்பர் 1984

ஜிங்வென்னுக்கு,

குழந்தைக்கு இடம் கிடைத்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். மாமா எல்லோரிடமும் சொல்கிறார்.

யானின் மனைவியிடம் சொன்னேன். டோஃபு நறுக்கிக்கொண்டே கேட்டாள், "சுச்சின், இது உங்க மாமா சொன்னதா, நீ சொல்றதா?" நான் சொல்வதுதான் என்றேன். "அப்ப நீ உன் செருப்பு ஊசியப் பாத்துக்க. நாடிய அவர் பாத்துக்குவார்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு துண்டு டோஃபுவைக் கூடுதலாகவே வைத்துக் கொடுத்தாள்.

மாவட்ட மருத்துவமனையில் மறுபடி பரிசோதனை நடந்தது. மாமாவுக்கு நூற்று நாற்பத்தெட்டு. அங்கே இருந்த இளம் டாக்டர் கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி எடுத்தானாம். அப்போதும் அதேதான். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறான். மாமா சொல்லியிருக்கிறார். நவம்பர் முதல் வாரத்தில் மாவட்டத்து வைத்தியர்கள் எல்லோரும் கூடுகிறார்களாம், அங்கே மாமா இந்த மருந்தைப் பற்றிப் பேச வேண்டுமாம். பிறகு புத்தகத்தில் அச்சிடுவார்களாம். மாமா தூரிகையால் எழுதி எழுதித் திருத்துகிறார். கொக்கிக்கொடியைக் கடைசியில் போடவும் என்ற வரிக்குப் பக்கத்தில் சிவப்பில் வட்டம் போட்டிருக்கிறார்.

தேசிய தினத்துக்கு உன் அறையைச் சுத்தம் செய்து வைக்கிறேன்.

சுச்சின்

*

லியூகோவ்
14 அக்டோபர் 1984

ஜிங்வென்னுக்கு,

தேசிய தினத்துக்கு நீ வரவில்லை. கடிதமும் இல்லை. உடம்பு நன்றாக இருக்கிறதா?

ஒன்பதாம் தேதி யான் விழுந்துவிட்டார். கடையில் ஆட்கள் நிற்கும்போது, டோஃபுவை அழுத்த மேலே வைக்கிற கல்லைத் தூக்கியவர் அப்படியே சரிந்தார். மாமா ஊசிப்பெட்டியோடு ஓடினார். பிறகு வண்டியில் போட்டு மாவட்ட மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். உயிருக்கு ஆபத்து இல்லை. வலது பக்கம் விளங்கவில்லை. வாய் கோணியிருக்கிறது, பேச்சு குழறுகிறது.

 மூன்றாம் நாள் காலையில் மாமா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எங்கே மாமா என்றேன்.

"யான் வீட்டுக்கு. அவ கொடிய முதல்லயே போட்டுருக்கா. அத்தன தடவ சொல்லி அனுப்பினேன். கேட்டுட்டு வரேன்."

அந்தப் பெண் மருத்துவமனைக்கும் கடைக்குமாக ஓடிக்கொண்டிருக்கிறாள். புருஷன் விழுந்த பழியையும் அவள் தலையில் கொண்டுபோய் வைப்பதற்காக மாமா வாசற்படியில் நிற்கிறார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"அவ சரியாத்தான் போட்டுருப்பா மாமா. உங்க கிண்ணத்துலதான் வேற இருந்துச்சு. ரத்த அழுத்த மாத்திரை. நான் நுணுக்கிக் கலந்தேன்."

உன் பெயரைச் சொல்லவில்லை. அவரும் மாத்திரை எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை.

"எப்பலேர்ந்து?"

"மார்ச்லேர்ந்து."

"ரெண்டு வேளையுமா?"

"ரெண்டு வேளையும். மூக்கடைச்சதுக்கு அப்புறம் சாயங்காலம் பாதி."

"மூக்கு," என்றார். தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்றிலிருந்து நாடி பார்க்கிற முன்னறையைத் திறக்கவில்லை. வருகிறவர்கள் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். சோற்றைக் கதவுக்கு வெளியே வைக்கிறேன், பாதி திரும்பி வருகிறது. மருந்துச்சட்டியை அவர் தன் அறைக்கே எடுத்துப் போய்விட்டார். எதைக் காய்ச்சுகிறார், குடிக்கிறாரா, தெரியாது. மாத்திரைப் பொட்டலத்தைச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். தட்டு வெளியே வந்தது, பொட்டலம் வரவில்லை. எடுத்துக்கொண்டாரா, தூக்கி எறிந்தாரா என்றும் தெரியாது. ஒருநாள்கூட விடக்கூடாது என்று நீ எழுதியிருந்தாய்.

உன் அண்ணன் என்னோடு பேசுவதில்லை.

சுச்சின்

*

வூஹான்
21 அக்டோபர் 1984

அப்பாவுக்கு,

ஜிங்வென் வணக்கத்துடன் எழுதுகிறேன். இங்கே நாங்கள் நலமாக இருக்கிறோம். குழந்தை நான்ஜிங்கிலிருந்து எழுதியிருக்கிறாள், சாப்பாடு காரமில்லை என்று.

மாத்திரையை அனுப்பியது நான். கிண்ணத்தில் கலக்கச் சொன்னதும் நான். அண்ணி தயங்கினார்கள். டோஃபு கடை யானுக்கு நீங்கள் சீட்டு எழுதியதை ஜூலையிலேயே எனக்கு எழுதி, வந்து உங்களிடம் சொல்லச் சொன்னார்கள். எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை என்று எழுதினேன். நான் விடுப்பே கேட்கவில்லை.

என்மேல் என்ன கோபம் இருந்தாலும் மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் முன்பைவிட மேலே போகும். இதை உங்கள் மகளாக எழுதவில்லை. மருந்தகத்தில் யார் வந்து கேட்டாலும் சொல்வதைத்தான் எழுதுகிறேன்.

உடம்பு எப்படி இருக்கிறது என்று இரண்டு வரி எழுதுங்கள்.

ஜிங்வென்

*

லியூகோவ்
18 நவம்பர் 1984

ஜிங்வென்னுக்கு,

கடிதம் கிடைத்தது. என் உடம்பு நடமாடும்படி இருக்கிறது. இரண்டு வரி கேட்டிருக்கிறாய். கொஞ்சம் கூடுதலாகவே எழுத வேண்டியிருக்கிறது.

எனக்கு உள்ளுக்குள் தெரிந்துதான் இருந்திருக்கும் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். நாடி பார்க்கிறவருக்குத் தன் உடம்பில் என்ன ஓடுகிறது என்று தெரியாதா என்கிறார்கள். மரியாதைக்காகச் சொல்கிறார்கள். எனக்குத் தெரியாது. நாடி தளர்ந்திருக்கிறது என்று விரல் சொன்னது. அது பொய்யில்லை. யார் தளர்த்தினார்கள் என்று விரல் சொல்லாது. மீதியை நானே சொல்லிக்கொண்டேன், அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதால். நாக்கும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. இதை உன் அண்ணியிடம் சொன்னபோது, "அடிப்பிடிச்சது மட்டும்தான் தெரியும் போல உங்களுக்கு" என்றாள். அதுவும் சரிதான்.

யானுக்கு எழுதியது என் கை. நீ மறைத்தது ஒரு பக்கம். அவன் கையில் இருந்த புட்டியை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லி நீ எழுதவில்லை. இரண்டையும் ஒரே தராசில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

அதே சீட்டை வாங்கிப் போனவர்கள் வீட்டுக்கெல்லாம் நேரில் போய் வந்தேன். இருவர் என் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள். மறுபடி தொடங்கிவிட்டார்கள். ஒருவர் நான் சொன்னதையே கேட்காமல் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டு வந்திருக்கிறார். அவருக்கு நன்றி சொன்னேன்.

மாவட்டக் கூட்டத்துக்குப் போனேன். எழுதி வைத்திருந்ததை முழுவதும் படித்தேன். படித்து முடித்ததும் கிண்ணத்தில் வேறு என்ன இருந்தது என்பதையும், யானுக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொன்னேன்.  தலைவர் எழுந்து, தேநீருக்கு நேரமாகிவிட்டது என்றார். தேநீர் நன்றாக இல்லை. புத்தகத்தில் அதை அச்சிட மாட்டார்கள். எழுதியதையும் பிறகு சொன்னதையும் சேர்த்தே அச்சிடுங்கள் என்று கேட்டேன். யோசிப்பதாகச் சொன்னார்கள்.

முன்னறையை மறுபடி திறந்திருக்கிறேன். முன்னைவிடக் கூட்டம் குறைவு. காலையில் மேஜையில் உட்கார்ந்ததும், வந்தவர்கள் பார்க்கவே மாத்திரையை விழுங்குகிறேன். முதல் நாள் முடிதிருத்துகிற பாவ் கேட்டான், "அப்ப எங்களுக்கு மட்டும் எதுக்கு வைத்தியரே இந்த வேரும் பட்டையும்?"

"உனக்கு இருமல், அதுக்கு இது. எனக்கு இருக்கறதுக்கு அது. நாக்க நீட்டு" என்றேன். நீட்டினான். இருமல் மூன்று நாளில் நின்றது. அதற்குள் ஊர் முழுக்க மாத்திரைக் கதையையும் சொல்லி முடித்திருந்தான்.

யான் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான். போன வாரம் அவன் மனைவி தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். இடது கையால் வலது கையைத் தூக்கி நாடி பார்க்கும் சின்னத் தலையணைமேல் வைத்தான். நான் உடனே விரலை வைக்கவில்லை. அவன் பேச்சு இன்னும் தெளிவில்லை. ஆனால் சொன்னது புரிந்தது. "பிடிங்க. வேற யாருகிட்ட காட்டறது" என்றான். அவன் மனைவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.  அவள் பதில் சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்க முடியாது. தினமும் ஊசி குத்துகிறேன். கட்டை விரல் லேசாக அசைகிறது. அதற்கு ஊசி காரணமா, மருத்துவமனைச் சிகிச்சை காரணமா, அவன் வயது காரணமா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்றே அவனிடம் சொன்னேன்.

மருந்துச்சட்டியை உன் அண்ணியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கஷாயம் குடிப்பதை நான் விடவில்லை, குடித்தால் நன்றாகத் தூங்குகிறேன். கிண்ணத்தைக் கொடுக்கும்போதெல்லாம், "செவ்வந்தி, பட்டை, கொடி. வேற ஒண்ணும் இல்ல மாமா" என்று சொல்லியே கொடுக்கிறாள். முகத்தைப் பார்த்தால் சிரிக்கிறாளா இல்லையா என்று தெரிவதில்லை. உன் அண்ணனை அழைத்து அவளோடு பேசச் சொன்னேன். பேசுகிறான்.

நீ அனுப்பியது குளிர்காலம் முடியும் வரைக்கும் வரும். இனி தபாலில் அனுப்ப வேண்டாம். புத்தாண்டுக்கு வா. வரும்போது எடுத்துக்கொண்டு வா. பலபேர் இருப்பார்கள், அதற்காகத் தயங்காதே. மேஜைக்கு முன்னால் வந்து என் கையில் கொடு.

குளிரில் காதை மூடிக்கொண்டு படகில் உட்கார்.

அப்பா